உனக்கே உனக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர்

ஐம்பது வயதில் ஒரு மனிதன் எதையாவது தீர்மானித்தாக வேண்டும். சிலர் மலைக்கு மாலை போடுகிறார்கள். சிலர் சர்க்கரையை விடுகிறார்கள். நான் என் கம்ப்யூட்டருக்கு நல்ல ஸ்பீக்கர் வாங்குவது என்று தீர்மானித்தேன்.

இதென்ன பெரிய விஷயம் என்று நினைக்காதீர்கள். என்னிடம் இருந்த ஸ்பீக்கர்கள் கம்ப்யூட்டரோடு இலவசமாக வந்தவை. இடதுபக்கத்தது போன தீபாவளிக்கே மூச்சை விட்டுவிட்டது. வலதுபக்கத்தது பாடும். ஆனால் சொம்புக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடும். வீணை, வயலின், மிருதங்கம் எதைக் கொடுத்தாலும் அதற்கு ஒன்றுதான். தகரம்.

நான் டவலுக்கும் போர்வைக்கும் டிசைன் போடுகிறவன். மயிலை வரைந்து, கட்டம் கட்டமாகப் பிரித்து, தறிக்குப் புரிகிற மாதிரி கொடுப்பேன். கண்ணுக்கும் கைக்கும்தான் வேலை. காது நாள் பூராவும் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிற காது கனவு காண ஆரம்பிக்கும். குழல் ஒன்று எங்கோ வாசிக்கிற மாதிரி இருக்கும். மேகம் ஒன்று அறைக்குள் வந்து உட்காரும். அப்படி ஒரு மத்தியானம் மேகத்தோடு போய்விட்டேன். மயிலுக்கு மூன்று கால் போட்டுவிட்டேன். நாற்பது டவல் ஓடிய பிறகுதான் மச்சினன் கௌதமன் கண்டுபிடித்தான். "மாமா, இது புது ஜாதி மயிலுங்களா?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டான்.

நான் இருப்பது பள்ளிபாளையத்தில், மாமனார் வீட்டில். பிறந்தது ஜேடர்பாளையம். அந்த ஊரில் அணையில் தண்ணீர் விழுகிற சத்தத்தை விட்டால் வேறு சத்தம் கிடையாது. இங்கே வீட்டுக்கு நடுவில் திறந்த முற்றம், அதைத்தான் வாசல் என்பார்கள். வாசலுக்குத் தெற்கே கௌதமனின் தறிக்குடோன். மேற்கே அடுப்படி. வடக்கே என் கம்ப்யூட்டர் அறை. அடுப்படி ஜன்னலும் என் அறை ஜன்னலும் வாசலைப் பார்த்துத் திறக்கும். குடோனில் பன்னிரண்டு தறி. அது ஓடும்போது எதிரே நின்று கத்துகிறவன் கொட்டாவி விடுகிறவன் மாதிரிதான் தெரிவான். கல்யாணமான புதிதில் என் மனைவி உஷாராணியிடம் காதலாக நாலு வார்த்தை சொல்ல ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருப்பேன். அன்றைக்குத்தான் தறிக்கு விடுமுறை.

இரண்டு மாதமாக என் அறையை ரகசியமாகத் தயார் செய்தேன். நெசவில் பழுதான போர்வைகளைக் குடோனிலிருந்து எடுத்து வந்து நாலு சுவரிலும் தொங்கவிட்டேன். கதவு இடுக்கில் கழிவு நூலைத் திணித்தேன். ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டேன். உஷா கேட்டதற்குக் கொசு என்று சொன்னேன். கதவைச் சாத்தினால் பன்னிரண்டு தறியும் பக்கத்து ஊருக்குக் குடிபோன மாதிரி ஆகிவிடும். இனி அந்த அமைதியில் வைக்க ஒரு ஜோடி ஸ்பீக்கர்தான் பாக்கி.

ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் தமிழரசு கடை வைத்திருக்கிறான். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். அவனுக்கு நல்ல ஸ்பீக்கர் என்றால் பக்கத்துத் தெருவில் பாத்திரம் உருள வேண்டும்.

"இதப் பாருங்ண்ணா. கீழ ஒரு பெரிய பொட்டி, மேல ரெண்டு சின்னப் பொட்டி. போட்டீங்கன்னா நெஞ்சுக்குள்ள இடிக்குமுங்."

"எனக்கு நெஞ்சுக்குள்ள இடிக்கறதுக்கு ஏற்கெனவே பன்னெண்டு தறி இருக்குது தமிழரசு."

"அப்பறம் என்னதானுங்ண்ணா வேணும்?"

"பாடறவரு எச்சில் முழுங்கறது கேக்கோணும்."

தமிழரசு என்னைக் கொஞ்ச நேரம் கவலையோடு பார்த்தான். பிறகு பின்னறைக்குக் கூட்டிப் போய் ஒரு துணியை விலக்கினான். இரண்டு மரப்பெட்டிகள். ஒரு முழ உயரம். தேக்கு நிறம். பாட்டுக்கு ஒரு வாய், மேலே மெல்லிய ஓசைக்கென்று காசளவு இன்னொரு வாய். யாரோ கேட்டு வரவழைத்துவிட்டு வாங்காமல் போனதாம். இடிக்காத ஸ்பீக்கரைப் பள்ளிபாளையத்தில் யாரும் தொடவில்லை.

"ரெண்டுக்கும் நடுவுல நாலு மொழம் தள்ளி உக்காருங்ண்ணா. பொட்டி ரெண்டும் உங்க காத லேசாப் பாக்கோணும். காது ஒசரத்துல இருக்கோணும்."

உட்கார்ந்தேன். குழல் ஆரம்பித்தது. இல்லை, குழலுக்கு முன்னால் ஒரு மூச்சு. வாசிக்கிறவர் உதட்டை வைத்து, ஒரு கணம் யோசித்து, காற்றை உள்ளே விடுகிறார். அந்த யோசனை கேட்டது. பெட்டிகள் இருக்கிற இடத்தில் பாட்டு இல்லை. இரண்டுக்கும் நடுவில், வெறும் காற்றில், தரையிலிருந்து ஒரு முழம் மேலே ஒருவர் உட்கார்ந்திருந்தார். வலது ஓரத்தில் தம்புரா. அதற்கும் பின்னால் மிருதங்கம், விரல் நுனி மட்டும் தோலில் படுகிற மாதிரி. என் செருப்பு கழன்றது தெரியவில்லை. பின்னறைச் சுவர் கரைந்து ஆறு உள்ளே வந்தது. பாலத்தின் கீழே எங்கோ நான் மிதந்து போய்க்கொண்டிருந்தேன், மல்லாந்து, வெயில் முகத்தில் பட.

"அண்ணா. பாட்டு முடிஞ்சு அஞ்சு நிமிசம் ஆச்சுங்ண்ணா."

வாங்குவது முடிவாகிவிட்டது. வீட்டுக்குள் கொண்டுபோவதுதான் முடிவாகவில்லை.

உஷாவின் சட்டம் ஒரே வரி. எனக்கென்று நான் வாங்குகிற சாமான் எதுவும் வாசப்படி தாண்டக் கூடாது. அந்தச் சட்டத்துக்குக் காரணமும் நானே. நடைப்பயிற்சி மிஷின் வாங்கினேன். அதில் இப்போது வடகம் காய்கிறது. மீன் தொட்டி வாங்கினேன். அதில் பூண்டு இருக்கிறது. ஒருநாள் மெல்லப் பேச்சை எடுத்துப் பார்த்தேன்.

"அம்மிணி, கம்ப்யூட்டருக்கு நல்லதா ஒரு ஸ்பீக்கர் இருந்தா..."

"இருந்தா?"

"டிசைன் நல்லா வரும்."

"மயிலுக்கு இன்னொரு கால் வருமுங்களா?"

பேச்சு அங்கேயே முடிந்தது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ஆவணியில் எங்களுக்கு இருபத்தைந்தாவது கல்யாண நாள். ஸ்பீக்கரை எனக்கென்று வாங்கினால்தானே தடை? அவளுக்கென்று வாங்கினால்? பரிசை எந்த மனைவி வேண்டாம் என்பாள்? கொடுத்த பிறகு அது அவளுடையதாக எத்தனை நாள் இருக்கும்? உஷா பாட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை. பிளேடு மாதிரி ஒரு மூளை எனக்கு இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கே என்மேல் கொஞ்சம் பயமாக இருந்தது.

இனி தமிழரசோடு விவரம் பேச வேண்டும். வீட்டுக்குள் பேசினால் அவள் காதில் விழும். தெருவுக்குப் போய்ப் பேசினால் எதற்குத் தெருவுக்குப் போனீர்கள் என்பாள். வாசல்தான் சரி. தறி ஓடுகிற வாசலைப் போல ரகசியம் பேச உலகத்தில் வேறு இடம் இல்லை. சட்டைக் காலரில் இயர்போன் மைக்கைக் குத்திக்கொண்டு வாசல் நடுவில் நின்றேன். அடுப்படி ஜன்னலில் உஷா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். முதுகைக் காட்டிப் பேசினால் சந்தேகம் வரும் அல்லவா? அதனால் அவளைப் பார்த்தபடியே, முகத்தில் சிரிப்போடு பேசினேன்.

"கல்யாண நாளுக்குப் பரிசுன்னு குடுத்துருவேன் தமிழரசு."

"அக்காவுக்கு எதுக்குங்ண்ணா ஸ்பீக்கர்?"

"அவளுக்கு எதுக்கு? ஒரு வாரம் கேப்பா. அப்பறம் அலுத்துப் போயிரும். அப்பறம் பொட்டி எனக்கு."

"கேக்கலீங்ண்ணா. தறிச் சத்தம்."

"ஒரு... வாரம்... கேப்பா. அப்பறம்... அலுத்துப்... போயிரும். பொட்டி... எனக்கு."

"அக்கா பக்கத்துல இல்லீங்களே?"

"எதிர்லதான் நிக்கறா. பாவம், ஒண்ணுந் தெரியாது. சிரிக்கறா பாரு."

உஷா சிரித்தாள். நானும் சிரித்தேன். பத்து நாள் இப்படிப் பத்து போன். எந்த வயர், எத்தனை அடி, பெட்டிக்கு அடியில் என்ன வைப்பது, எல்லாம் அந்த வாசலில் நின்றபடியே முடிவானது. அன்றைக்குக் கடையில் கேட்ட குழலைப் பற்றிப் பத்து நாளும் அலுக்காமல் சொன்னேன்.

நினைத்ததை விட எல்லாம் சுலபமாக நடந்தது. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே அவளே பேச்சை எடுத்தாள்.

"ஏனுங்க, கல்யாண நாளு வருதுங்களே. எனக்கு எதாச்சும் வாங்கித் தருவீங்களா?"

எனக்குப் புரை ஏறியது. "வாங்காம? உனக்குன்னே ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன்."

"எனக்குன்னு வாங்குனா எனக்கே இருக்கோணுமுங்க. பொறகு கை மாறக் கூடாது."

"சேச்சே. உனக்கே உனக்கு அம்மிணி."

"இப்படிச் சொன்னாப் பத்தாதுங்க. செங்கோட்டு மலை இருக்கிற பக்கமாத் திரும்பிச் சொல்லுங்க."

திருச்செங்கோட்டுச் சாமி தன் உடம்பில் பாதியை மனைவிக்குக் கொடுத்தவர். அவரிடம் போய் ஒரு கணவன் சத்தியம் செய்வது ஆபத்தான காரியம். ஆனால் எனக்கு எதிரே மிதப்பது இரண்டு மரப்பெட்டியும் ஒரு குழலும். தட்டோடு கிழக்கே திரும்பினேன்.

"சாமி சத்தியமா உனக்கே உனக்கு. நீ வேண்டாங்கற வரைக்கும் நான் தொட மாட்டேன்."

"அதை வெச்சுட்டு நான் உக்கார்ற நேரத்துக்கு அடுப்படிய ஆரு பாக்கறது?"

ஒரு வாரம்தானே. "நான் பாத்துக்கறேன். அதுவும் சத்தியம்."

அவள் எனக்கு இன்னொரு கரண்டி நெய் விட்டாள். பரிசு என்னவென்று கேட்கவே இல்லை. எத்தனை நல்ல குணம் என்று நினைத்து உருகினேன்.

கல்யாண நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. தறிகள் ஓய்ந்து, ஊரே பஞ்சுக்குள் வைத்த மாதிரி இருந்தது. தமிழரசு காலையிலேயே பெட்டிகளைக் கொண்டுவந்து பொருத்திவிட்டு, என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனான். உஷாவை என் நாற்காலியில் உட்கார வைத்தேன். இரண்டு பெட்டியும் அவள் காதைப் பார்த்தன.

"உனக்குப் புடிக்குமோ என்னமோ. பட்டனெல்லாம் கொஞ்சம் குழப்பமா இருக்கும்," என்றேன். சீக்கிரம் அலுப்பதற்கு அடித்தளம் போட்டேன்.

"பரவால்லீங்க. போடுங்க."

அதே குழலைப் போட்டேன். அந்த மூச்சு வந்தது. உஷாவின் தலை சட்டென்று நிமிர்ந்தது. யாரோ அறைக்குள் வந்தது மாதிரி இரண்டு பெட்டிக்கும் நடுவில் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். கூந்தல் பூ லேசாக ஆடியது. முதல் பாட்டு முடிந்தது, இரண்டாவது முடிந்தது. மூன்றாவதில் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அவள் துடைக்கவில்லை.

"ஏனுங்க," என்றாள் கண்ணைத் திறக்காமலே. "ஊதறதுக்கு முந்தி அவரு மூச்சு எடுக்கறாருங்க."

"ஆமா."

"இத்தன நாளா இதெல்லாம் இருந்துச்சுங்களா இதுக்குள்ள?"

தறிச் சத்தத்தில் பிறந்து, தறிச் சத்தத்தில் வளர்ந்து, அந்தச் சத்தத்துக்குள்ளேயே எனக்கு வாழ்க்கைப்பட்டவள். ஒரு குழலின் மூச்சை அவள் கேட்பதற்கு நாற்பத்தாறு வருஷம் ஆகியிருக்கிறது. உண்மையாகவே அவளுக்காகத்தான் வாங்கினேன் என்று அந்த நிமிஷம் நானே நம்பினேன். அவள் காலடியில், போர்வை தொங்கும் சுவரோரம் உட்கார்ந்தேன். பாட்டின் பாதி என் காதிலும் விழுந்தது. இருவரும் ஒரே ஆற்றில் மிதந்தோம்.

அந்தச் சந்தோஷம் செவ்வாய்க்கிழமை வரை இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவள் என் மேசையையும் மூலையில் கிடந்த என் பழைய கம்ப்யூட்டரையும் வாசல் ஓரக் கூரைக்கடியில் போடச் சொன்னாள். நான் மௌசைக் கிளிக் செய்கிற சத்தம் பாட்டுக்கு நடுவில் கேட்கிறதாம். புதியது பாட்டுக்கு வேண்டுமாம், டிசைனுக்குப் பழையது போதுமாம். புதன்கிழமை கதவு இடுக்கில் கூடுதலாகக் கழிவு நூலைத் திணித்தாள். நான் விட்ட ஓட்டைகள் எனக்கே தெரியாது, அவளுக்குத் தெரிந்தது. வியாழக்கிழமை இடது பெட்டியை இரண்டு விரற்கடை நகர்த்தி வைத்திருந்தாள். திருட்டுத்தனமாகப் போய்க் கேட்டேன். இரண்டு விரற்கடையில் தம்புரா இன்னும் தெளிந்திருந்தது. எனக்கு அழுகை வந்தது.

தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு உள்ளே போவாள். ஏழு மணிக்கு வருவாள், முகத்தில் ஏதோ வெளிச்சத்தோடு. நான் அதற்குள் பருப்பு வேக வைத்து, ரசம் கூட்டி, அப்பளம் சுட்டிருப்பேன். போகட்டும், ஒரு வாரம்தானே என்று எண்ணிக்கொண்டே அப்பளத்தைத் திருப்புவேன்.

எட்டாம் நாள். முகத்தைக் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் நின்றேன்.

"அம்மிணி, இன்னைக்கு நான் சித்த நேரம் உக்காந்து கேக்கட்டுமா?"

"ஏனுங்க?"

"இல்ல, உனக்கு அலுத்துப் போயிருக்குமேன்னு..."

"ஓ. ஒரு வாரம் ஆயிருச்சுங்களா?" விரல் விட்டு எண்ணினாள். "ஒரு வாரம் கேப்பா. அப்பறம் அலுத்துப் போயிரும். பொட்டி எனக்கு. அப்படித்தானுங்க சொன்னீங்க?"

வெள்ளைச் சட்டைக்குள் எனக்கு வியர்த்தது. "தமிழரசு சொன்னானா?"

"அந்தத் தம்பி பாவமுங்க, ஒண்ணுஞ் சொல்லல. நீங்கதான் சொன்னீங்க. வாசல்ல நின்னு, என்னையப் பாத்து."

"தறி ஓடிட்டு இருந்துச்சே."

"தறி எப்பத்தானுங்க ஓடல? எங்கய்யனும் அம்மாளும் இந்தச் சத்தத்துலதான் குடித்தனம் பண்ணுனாங்க. பேசறதெல்லாம் ஆருக்குங்க காதுல உழுகும்? வாயி அசையறதப் பாத்தாப் போதும். தறிக்காரங்க ஊட்டுல தவழ்ற புள்ளைக்குக்கூட அது தெரியும். நீங்க வேற நெறுத்தி நெறுத்தி, ரெண்டு ரெண்டு வாட்டி சொன்னீங்க. பள்ளிக்கூடத்து வாத்தியாரு கூட அத்தன தெளிவாச் சொல்லிக் குடுக்க மாட்டாரு."

தறிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து உதட்டை அசைப்பதை இருபத்தைந்து வருஷமாகப் பார்த்திருக்கிறேன். வெற்றிலை மெல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். ஜேடர்பாளையத்துக்காரனுக்கு எப்படித் தெரியும்? அந்த வாசலில் நின்று இதுவரை நான் பேசிய போன்கள் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. மாமியார் வைக்கும் சாம்பாரைப் பற்றி என் அக்காவிடம் பேசியது. கௌதமன் முடிக்குச் சாயம் பூசுவதைப் பற்றிப் பேசியது. போன வருஷம் வயிற்றுவலி என்று நாமக்கல் கல்யாணத்துக்கு வர முடியாது எனச் சொன்ன பொய். கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"எல்லாமே தெரியுமா?"

"சாம்பாரு மட்டும் எங்கம்மாளுக்கு நான் சொல்லலீங்க."

"அப்பவே ஏன் புள்ள என்னைக் கேக்கல?"

அவள் பெட்டியின் மேல் இல்லாத தூசியைத் துடைத்தாள். "கேட்டிருந்தா நீங்க கூச்சப்பட்டுட்டு வாங்காம உட்டிருப்பீங்க. நீங்க அந்தப் பையங்கிட்ட அத்தன ஆசையாச் சொன்னீங்க பாருங்க, ஊதறவரு மூச்சு கேக்குது, நடு ஊட்டுல ஆளு உக்காந்திருக்கறாப்பல இருக்குதுன்னு. அதப் பாத்ததுல இருந்து எனக்கும் ஒருக்காக் கேக்கோணும்னு ஆசையாப் போச்சுங்க."

சொல்ல வேண்டியதை எல்லாம் நான் ஏற்கெனவே வாசலில் நின்று சொல்லி முடித்திருந்தேன். கிழக்கே நான் சத்தியம் செய்த மலை வேறு நின்றுகொண்டிருந்தது. கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

இப்போது தினமும் சாயங்காலம் அடுப்பில் பருப்பை ஏற்றிவிட்டு வாசல் ஓரக் கூரைக்கடியில் உட்கார்ந்து மயில் போடுகிறேன். பக்கத்தில் பன்னிரண்டு தறி. எதிரே கண்ணாடி ஜன்னல். உள்ளே உஷா கண்மூடி உட்கார்ந்திருப்பாள். ஒரு சத்தமும் வெளியே வராது. அறையை அவ்வளவு நன்றாகத் தயார் செய்திருக்கிறேன். அவள் முகத்தைப் பார்த்தே எந்தப் பாட்டு என்று கண்டுபிடிக்கப் பார்ப்பேன். புருவம் ஏறினால் குழல். தலை சாய்ந்தால் வயலின். சில நாள் அந்த முகத்திலிருந்தே பாட்டுக் கேட்கிற மாதிரி இருக்கும். பொய் சொல்லவில்லை, தறிச் சத்தம்கூடக் கொஞ்ச நேரம் ஆறாக ஓடும்.

நேற்று அப்படித்தான். மஞ்சள் வெயில் ஜன்னலில் சாய்ந்திருந்தது. உஷா நடுவில் ஆறு தடவை கண்ணைத் திறந்து மூடினாள், ஏழாவது தடவை மூடவில்லை. நேராக என்னைப் பார்த்தாள். என் தோளுக்கு மேலே அடுப்படி ஜன்னல் பக்கம் ஒரு பார்வை, பிறகு மறுபடி என்னை. உதடு அசைந்தது. நீளமாக, மெதுவாக ஏதோ சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் சிரிக்கிற சிரிப்பு.

எனக்கு நெஞ்சு விம்மியது. இருபத்தைந்து வருஷத்தில் முதல்முறையாக, தறி ஓடுகிறபோது, என் மனைவி என்னிடம் ஏதோ சொல்கிறாள். தறிக்காரி தன் புருஷனிடம் பேசுகிற மாதிரி பேசுகிறாள். பாழாய்ப் போன எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. உள்ளே வரச் சொல்கிறாளோ? பக்கத்தில் உட்காரச் சொல்கிறாளோ? குடோனில் தறி ஓட்டுகிற கந்தம்மாள் குழாயடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஓடிப் போய் அவளை இழுத்து வந்து ஜன்னலைக் காட்டினேன். உஷா இன்னொரு தடவை சொன்னாள், அதே சிரிப்போடு.

கந்தம்மாள் சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சொல்லத் தயங்கினாள். எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. பரவாயில்லை, வெட்கப்படாமல் சொல் என்று சைகை செய்தேன். அவள் என் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாள்.

"குக்கரு ஏழாவது விசிலு ஆவி உடுதுங்களாமா, மாப்பிள்ளைங்க. அடுப்ப அணைச்சுப்போட்டு வந்து அப்பறம் அவங்களப் பாப்பீங்களாமா."